முதலில் ஒரு வரி, அப்புறம் இருபது எலும்புக்கூடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்னச் சின்ன உருவங்களுக்குப் பெயின்ட் அடித்து, மேசையில் படையாக நிறுத்தி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தோம். தமிழ் நாளிதழ் ஒன்றில் இந்தப் பொழுதுபோக்குக்கு அரைப் பக்கம் கிடைத்ததே மகிழ்ச்சி. ஆனால் மாயாஜாலப் படை ஒன்றைத் திரட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு அதில் தந்திருந்த யோசனைகளில் மூன்று, கையைச் சுட்டுவிடும். ‘தள்ளுபடியில் வரும் பெரிய படைப் பெட்டியை வாங்கித் தொடங்குங்கள்’ என்பது ஒன்று. ‘எல்லா விளையாட்டுக்கும் 25 மி.மீ. பேஸ் (உருவம் நிற்கும் அடித்தட்டு) போதும்’ என்பது இன்னொன்று. மூன்றாவது, 3டி பிரிண்டரில் வந்த உருவத்துக்கு அப்படியே பெயின்ட் அடிக்கலாம் என்பது. இதில் உடல்நலமும் சம்பந்தப்பட்டிருப்பதால் கடைசியில் தனியாகச் சொல்கிறோம்.

பெரிய பெட்டி மலிவுதான், மறுக்கவில்லை. உள்ளே ஐம்பது அறுபது உருவங்கள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டு துண்டாக இருக்கும். சாதாரண எலும்புக்கூடு வீரனுக்கே உடல், தலை, இரண்டு கை, கேடயம் என ஐந்து துண்டு. ஐம்பது பேருக்கு 250. ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, அச்சின் இரு பாதி சேரும் இடத்தில் விழும் அச்சுக் கோட்டைச் சுரண்டி, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். பதினைந்தாவது ஆளிலேயே சலிப்புத் தட்டும்; மிச்சம் பரணுக்குப் போகும். அதோடு இந்த உருவங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து, குறிப்பாக நாட்டிங்ஹாம் நகரத்து நிறுவனங்களிடமிருந்து வருபவை. இந்தியாவில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. பார்சலை எந்தத் தலைப்பில் வகைப்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். எப்படியானாலும், இணையத்தில் தெரியும் விலையை மட்டும் நம்பிப் பெரிய ஆர்டர் போடுவது புத்திசாலித்தனம் இல்லை. அவ்வளவு கொடுத்து வாங்கிய பிறகு ‘எனக்கு எலும்புக்கூடு பிடிக்கவில்லை, குள்ளர் படைதான் வேண்டும்’ என்று மனசு மாறினால் என்ன செய்வது?

அதனால்தான் பெட்டிக்கு முன்னால் கரு வேண்டும் என்கிறோம். ஒரே வாக்கியம் போதும். இவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள், எதற்காகச் சண்டைக்கு வருகிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். ‘தீய எலும்புக்கூடுகளின் படை’ என்று எழுதினால் அதிலிருந்து ஒரு நிறம்கூடப் பிறக்காது. ‘கடல்கோளில் மூழ்கிய துறைமுகத்தின் காவற்படை, பாக்கியுள்ள சுங்கத்தை வசூலிக்க அமாவாசை இரவில் கரையேறுகிறது’ என்று எழுதிப் பாருங்கள். (மேலே சொன்ன 70 சதவீதம் நினைவுக்கு வந்தால் நாங்கள் பொறுப்பல்ல.) ஆயுதங்கள் வெண்கலம், பச்சைக் களிம்பு ஏறியவை. எலும்பில் கொட்டலசுகள் (கடற்பாறையிலும் படகடியிலும் ஒட்டி வளரும் சிற்றுயிர்கள்) ஒட்டியிருக்கும். காலடியில் ஈர மணல். கொடி, கிழிந்த பாய்மரத் துணி. தலைவன் அரசனோ மந்திரவாதியோ இல்லை. கையில் தராசும் கணக்குச் சுவடியும் வைத்திருக்கும் துறைமுக அதிகாரி. பெரிய உருவம் வேண்டுமென்றால் முதுகில் நங்கூரம் சிக்கிய ராட்சத நண்டு.

கரு இன்னொரு வேலையும் செய்கிறது, பணத்துக்கு அதுதான் முக்கியம்: எதை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடும். இந்தத் துறைமுகப் படையில் பாலைவன மம்மிகளுக்கும் தேர்களுக்கும் இடமில்லை. குதிரைப்படையும் அநேகமாகத் தேவைப்படாது. கடையில் எவ்வளவு அழகான பெட்டி கண்ணில் பட்டாலும் அந்த ஒரு வரியோடு ஒட்டவில்லையென்றால் கை நீளாது.

கருவை வெளிநாட்டுக் கதைகளிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதில்லை. நம் பரணி நூல்களில் பசியால் வயிறு ஒட்டிய பேய்கள் போர்க்களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சுகின்றன. மேலைநாட்டு விளையாட்டுகளில் பிணந்தின்னிப் பேய்களுக்கென்றே உருவங்கள் விற்கிறார்கள். கூனிய முதுகு, நீண்ட கை, எலும்பும் தோலுமான உடம்பு. அவற்றின் கையில் அகப்பையும், பேஸில் ஒரு பானையும் மூன்று அடுப்புக் கல்லும் வைத்துவிட்டால் உலகத்தில் வேறு எந்த மேசையிலும் இல்லாத படை அது.

ஆனாலும் முதல் படைக்கு எலும்புக்கூடுகளையே சிபாரிசு செய்வோம். முகம், தோல், கண் என்று நுணுக்கமான பெயின்ட் வேலை கிடையாது. கை ஒடிந்தாலும் கேடயம் தொலைந்தாலும் இயல்பாகவே இருக்கும்.

அடுத்து பேஸ். கட்டுரையின் பெரிய பிழை இங்கேதான். 1983-இல் வந்த வார்ஹாமர் ஃபேன்டசி என்ற விளையாட்டில் எலும்புக்கூடுகள் 20 மி.மீ. சதுரத்தில்தான் நின்றன. 2015-இல் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் அதை நிறுத்திவிட்டு ஏஜ் ஆஃப் சிக்மார் என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. பேஸ்கள் வட்டமாகின, வரிசை கட்டி நிற்பதும் போயிற்று. 2024 ஜனவரியில் தி ஓல்ட் வேர்ல்ட் என்ற பெயரில் சதுரம் திரும்பி வந்தது. ஆனால் பழைய அளவில் இல்லை: 20 மி.மீ. காலாட்கள் 25-க்கும், ஓர்க் என்ற அரக்கர்கள் 25-லிருந்து 30-க்கும், குதிரைவீரர்கள் 25-க்கு 50-லிருந்து 30-க்கு 60-க்கும் போனார்கள். மான்டிக் நிறுவனத்தின் கிங்ஸ் ஆஃப் வார் விளையாட்டில் கணக்கே வேறு. அங்கே அடிபட்ட வீரர்களை ஒவ்வொருவராக எடுப்பதில்லை. படைப்பிரிவு முழுசாக நிற்கும், அல்லது முழுசாக ஓடிவிடும். ஆகவே ஒரு பிரிவு முழுவதையும் ஒரே பலகையில் ஒட்டிவிடலாம். 20 மி.மீ. கணக்கில் ஐந்து பேர் அகலம், நாலு பேர் ஆழம் என்றால் பலகை 100-க்கு 80 மி.மீ. அதே இருபது பேர் ஓல்ட் வேர்ல்டுக்குப் போனால் 125-க்கு 100. அங்கே ஆள் விழ விழ எடுக்க வேண்டும் என்பதால் தனித்தனி பேஸும், நகர்த்த ஒரு ட்ரேயும் அவசியம்.

ஆகவே முதல் உருவத்தை ஒட்டுவதற்கு முன்பே யாரோடு, எந்த விளையாட்டை, எந்தப் பதிப்பில் ஆடப்போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் ஆடும் நாலு பேர் எதை ஆடுகிறார்களோ, அதுதான் நல்ல விளையாட்டு. முடிவு செய்ய முடியவில்லையென்றால் 25 மி.மீ. சதுரத்தில் தனித்தனியாக ஒட்டி, அடியில் 5-க்கு 1 மி.மீ. காந்தம் வைத்து, இரும்புத் தகடு ஒட்டிய ட்ரேயில் நிறுத்துங்கள். ஏற்கெனவே 20 மி.மீ. பேஸில் ஒட்டிவிட்டவர்கள் அதைப் பெயர்க்க வேண்டாம், 25 மி.மீ. கட்டங்கள் உள்ள ட்ரே போதும். நம் ஊர் லேசர் கட்டிங் கடைகளில் 3 மி.மீ. எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்) பலகையில் பேஸ், ட்ரே இரண்டையும் வெட்டித் தருவார்கள். 2 மி.மீ. வேண்டாம், மேலே பசையும் மணலும் போட்டதும் அப்பளம் மாதிரி வளையும். ஈரம் ஒரு பக்கம் மட்டும் இழுப்பதுதான் காரணம். 3 மி.மீ. பலகையிலும் அடிப்பக்கத்தில் ஒரு கோட் பெயின்ட் அடித்துவிட்டு மேல் வேலையைத் தொடங்குவது நல்லது.

முதல் கொள்முதல் இவ்வளவுதான்: ஒரு தலைவன், இருபது காலாட்கள், முடிந்தால் ஒரு பெரிய உருவம். ஓல்ட் வேர்ல்டில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு புள்ளி மதிப்பு உண்டு; வழக்கமான 2,000 புள்ளிப் படையில் அடிப்படைப் பிரிவுகள் குறைந்தது 25 சதவீதப் புள்ளிகள் இருக்க வேண்டும், தலைவர்கள் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அபூர்வப் பிரிவுகள் 25 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். ஆகவே முதலில் வாங்கும் காலாட்கள் பின்னால் படை எவ்வளவு வளர்ந்தாலும் வீணாக மாட்டார்கள். இருபது பேரை வைத்துக்கொண்டே ஆடிப் பார்க்க ஒன் பேஜ் ரூல்ஸ் என்ற விதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த நிறுவனத்து உருவத்தையும் அதில் இறக்கலாம். இந்த இருபதும் பெயின்ட், பேஸ், வார்னிஷ் எல்லாம் முடிந்து மேசை ஏறும் வரை இரண்டாவது பெட்டிக்குப் பணம் எடுக்காதீர்கள்.

வெவ்வேறு நிறுவனங்களின் உருவங்களைக் கலக்கலாம், தவறில்லை. ஆனால் ‘28 மி.மீ.’ என்று போட்டிருப்பதெல்லாம் ஒரே உயரம் இல்லை. சிலர் கால் முதல் கண் வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரை. உயரத்தைவிட, கையும் தலையும் எவ்வளவு பருமன் என்பதுதான் பக்கத்தில் நிற்கும்போது கண்ணை உறுத்தும். ஒத்துவராதவற்றைத் தனிப் பிரிவாக நிறுத்தி, பேஸையும் நிறத்தையும் ஒன்றாக வையுங்கள். மூன்றடி தூரத்திலிருந்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒட்டும் வேலையில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். கெட்டிப் பிளாஸ்டிக் உருவங்களுக்குப் பிளாஸ்டிக் சிமென்ட் என்ற பசைதான் சரி. அது பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கும். ரெசினிலும் (செயற்கைப் பிசின்) உலோகத்திலும் அது பிடிக்கவே பிடிக்காது, அங்கே ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டும். அந்தப் பசை இழுவையைத் தாங்கும், பக்கவாட்டில் விழும் அடியைத் தாங்காது. உலோகத் தலைவனின் கை திரும்பத் திரும்ப விழுவது அதனால்தான். 1 மி.மீ. துளையிட்டு, பேப்பர் கிளிப் கம்பியை உள்ளே விட்டு ஒட்டினால் தீர்ந்தது. அடுத்தது, வரிசையில் நிற்கும் ஈட்டி வீரர்களை ஒவ்வொருவராக ஒட்டி முடித்துவிட்டுக் கடைசியில் நிறுத்திப் பார்க்காதீர்கள். பின்வரிசைக்காரனின் ஈட்டி முன்வரிசைக்காரனின் முதுகில் குத்தும். ஐந்து ஐந்து பேராகச் சேர்த்து வைத்துப் பார்த்து, கையின் கோணத்தைச் சரிசெய்து ஒட்டுங்கள். பேஸின் அடியில் 1 முதல் 20 வரை எண் போடுங்கள். மூன்றாவது அச்சுக் கோடு. கத்தியின் முனையால் வெட்டாமல் முதுகால் சுரண்ட வேண்டும். இதைத் தவிர்த்தால் டிரை பிரஷ் (கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் மேடான இடங்களில் மட்டும் நிறம் ஏற்றுவது) போடும்போது அந்தக் கோடுதான் முதலில் பளிச்சென்று தெரியும்.

கொட்டலசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் படையின் அடையாளமே அதுதான், செலவும் சில ரூபாய்தான். எம்-சீல் போன்ற எபாக்சி புட்டியின் இரண்டு பாகத்தையும் சம அளவு எடுத்து, நிறத்தில் கோடு தெரியாத வரை பிசையுங்கள். அரிசியில் கால்வாசி அளவு உருண்டை. ஈரமான விரலால் தோள்பட்டையிலோ கேடய விளிம்பிலோ அழுத்துங்கள். நனைத்த ஊசியை நடுவில் குத்தி லேசாகச் சுழற்றினால் எரிமலை வாய் போலக் குழி விழும். அதுதான் கொட்டலசு. மூன்று, நாலு சேர்ந்து ஒரு கொத்தாக, அளவு மாறி மாறி இருக்க வேண்டும். ஒன்றொன்றாகத் தள்ளி வைத்தால் பரு மாதிரி தெரியும். ஊசியைத் தண்ணீரில் தொடாவிட்டால் உருண்டை ஊசியோடே வந்துவிடும். ஒரு தடவைக்குப் பட்டாணி அளவுக்கு மேல் பிசையாதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு அது சீக்கிரம் இறுகிவிடும். இருபது பேரில் ஏழெட்டுப் பேருக்கு வைத்தால் போதும். மற்றவர்களுக்கு ஃபெவிக்விக் ஒரு சொட்டுவிட்டு அதன்மேல் சமையல் சோடா தூவினால் நொடியில் இறுகி, உப்புப் படிந்த சொரசொரப்பாகிவிடும். அப்போது கிளம்பும் சூடும் புகையும் கண்ணை எரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பெயின்டுக்கு முன் பிரைமர், அதாவது பெயின்ட் பிடிப்பதற்கான முதல் பூச்சு. ஸ்ப்ரே டப்பாவில் ‘வெப்பமான இடத்தில் அடிக்கவும்’ என்று எழுதியிருப்பது குளிர்நாட்டுக்காரர்களுக்கு. இங்கே இரண்டு தொல்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் மேற்பரப்பு வெள்ளையாகப் பூத்துவிடும், பளபளப்பில்லாத மேட் வார்னிஷில் இது இன்னும் மோசம். வெயில் உச்சத்தில் அடித்தால் பெயின்ட் வழியிலேயே உலர்ந்து, மணல்தாள் போலச் சொரசொரவென்று விழும். விடிகாலை குளுமையாக இருக்கிறதே என்று நினைப்பார்கள், ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருப்பது அப்போதுதான். மழையில்லாத நாளில், பிற்பகல் வெயில் தணியும்போது, நிழலில், 20 முதல் 30 செ.மீ. தள்ளி, சிறுசிறு வீச்சாக அடியுங்கள். வீச்சு உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிய வேண்டும். அடைமழைக் காலமென்றால் ஸ்ப்ரேயை மறந்துவிட்டு, பிரஷ்ஷால் பூசும் பிரைமரைப் பயன்படுத்துங்கள். கார் பெயின்ட் கடை பிரைமரில் சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், முதலில் காலிச் சட்டத்தில் அடித்துப் பாருங்கள். தெர்மாகோலில் செய்த பாறை, மலை எதிலும் நேரடியாக ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, கரைந்து குழியாகிவிடும்.

நிறங்கள் குறைவாக இருக்கட்டும். எலும்பு நிறம், பழுப்பு வாஷ் (பள்ளங்களில் இறங்கும் நீர்த்த பெயின்ட்), வெண்கலம், நீலப்பச்சை, அடர் பழுப்பு, கறுப்பு, கண்ணை இழுக்க ஒரே ஒரு சிவப்பு. இருபதையும் ஒரே மூச்சில் செய்யாமல் பத்துப் பத்தாகச் செய்யுங்கள். எலும்பு நிறத்தை முழுவதும் பூசி, அதன்மேல் வாஷ். வாஷ் குளமாகத் தேங்கும் இடத்தில் ஈரமான சுத்தப் பிரஷ்ஷால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். முழுக்க உலர்வதற்குள் டிரை பிரஷ் போட்டால் அடிப்பூச்சு உரிந்து வரும், இது அவசரக்காரர்கள் எல்லோருக்கும் நடப்பது. டிரை பிரஷ்ஷுக்கு விலை உயர்ந்த தூரிகை வேண்டாம். முகத்துக்குப் பவுடர் போடும் வட்டமான மேக்கப் பிரஷ் சிறிய அளவில் கிடைக்கும், அதைவிட நல்லது இல்லை. அட்டையில் தேய்த்துத் தேய்த்து, இனி ஒன்றும் ஒட்டாது என்று தோன்றும்போதுதான் உருவத்தில் வைக்க வேண்டும். வெண்கலத்துக்குக் களிம்பு ஏற்ற, நீலப்பச்சையை மூன்று பங்கு தண்ணீரில் கரைத்து ஆணித்தலைகளிலும் மடிப்புகளிலும் மட்டும் விட்டு, மேடான இடத்தை விரலால் துடைத்துவிடுங்கள். சிவப்பு எல்லோருக்கும் ஒரே இடத்தில் வர வேண்டும், இடுப்புக் கச்சையில் என்றால் கச்சையில் மட்டும்.

மணலைக் கடற்கரையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து அப்படியே ஒட்டுகிறார்கள். அதிலுள்ள உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து, பெயின்டுக்கு வெளியே வெள்ளையாகப் பூக்கும். நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி, காயவைத்து, சலித்து எடுங்கள். ஃபெவிகாலில் ஒட்டி, உலர்ந்ததும் ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டுவிட்டு, மேலே ஊறவிட்டால் உதிராது. கடற்பாசிக்குத் தேங்காய் நார் அழகாக வரும், கரும்பச்சை அடித்துக் காலைச் சுற்றி விடுங்கள். கடைசியில் உருவம் முழுவதற்கும் மேட் வார்னிஷ் அடித்து, அது உலர்ந்த பிறகு மணலிலும் முழங்கால் வரையிலும் மட்டும் பளபளப்பு வார்னிஷைப் பிரஷ்ஷால் தடவினால், இப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறி வந்தது போலிருக்கும். வரிசையை மாற்றினால் பளபளப்பெல்லாம் மேட் வார்னிஷுக்கு அடியில் போய்விடும்.

எந்தப் பிரிவு இப்போது பலமானது என்று இணையத்தில் தேடி அதன்படி வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. புள்ளி மதிப்புகளை நிறுவனங்கள் அடிக்கடி திருத்துகின்றன. இன்று ஜெயிக்கும் பிரிவு நீங்கள் பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் சாதாரணமாகிவிடும். கரு மாறாது. அதே சமயம் கருவைச் சாக்காக வைத்து எதிராளியைக் குழப்பவும் கூடாது. ஈட்டிப் பிரிவு என்றால் கையில் ஈட்டி தெரிய வேண்டும். நண்டை டிராகனாக ஆடவைப்பதானால் பேஸ் டிராகனுக்குரிய அளவில் இருக்க வேண்டும், ஆட்டம் தொடங்குமுன் சொல்லிவிடவும் வேண்டும்.

இனி அந்த பிரிண்டர் விஷயம். கட்டுரையோடு வந்த படத்தில், ரெசின் பிரிண்டரிலிருந்து அப்போதுதான் எடுத்த உருவத்தை ஒரு சிறுவன் வெறும் கையால் பிடித்திருக்கிறான். இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும். நைட்ரைல் கையுறை போட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இரண்டு தடவை அலசி, முழுக்க உலர்த்தி, புற ஊதா விளக்கிலோ வெயிலிலோ இறுக வைத்த பிறகுதான் வெறும் கை படலாம். அலசிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. ஒளி புகும் பாத்திரத்தில் வெயிலில் வைத்தால் கரைந்த ரெசின் கட்டியாகிவிடும். வடிகட்டி, கட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு ஆல்கஹாலை மறுபடி பயன்படுத்தலாம். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் இதை மொட்டைமாடியில், அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். நண்டு போன்ற பெரிய உருவத்தை உள்ளீடற்றதாக பிரிண்ட் எடுத்தால் அடியில் இரண்டு துளை விட்டு உள்ளேயும் அலச வேண்டும். உள்ளே தேங்கிய ரெசின் மாதங்கள் கழித்து வெளிச்சுவரை வெடிக்கவைத்து, முடித்த பெயின்டின் மேலேயே ஒழுகும். அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தப் படத்துக்கு ஒரு திருத்தக் குறிப்பாவது போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேசைப் போர் விளையாட்டாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.